ஒரு ஆளை அனுப்பும்

என் கணவர் முப்பது வருஷம் ஆண்டவருக்கு ஊழியம் செய்தார். நான் அவருக்கு ஊழியம் செய்தேன். ஆண்டவருக்குச் செய்யும் ஊழியத்துக்கு வெள்ளைச் சட்டை வேண்டும். அதைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு வைப்பது என் பங்கு. ஜெபக்கூட்டம் முடிந்து வந்து, இன்று ரொம்ப உருக்கமாக இருந்தது என்று சொல்லிக்கொண்டே தட்டின் முன்னால் உட்காருவார். சாப்பிட்ட தட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். அது தானாக நடந்து தொட்டிக்குப் போய்விடும் என்று அவர் உண்மையாகவே விசுவாசித்தார் என்று நினைக்கிறேன். அத்தனை வருஷமும் அது போய்க்கொண்டுதானே இருந்தது.

எங்கள் வீடு மாமல்லபுரத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்து மீனவர் குப்பத்துக்குப் போகிற சந்தில் இருக்கிறது. அவர் திருக்கழுக்குன்றத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவள். எங்கள் சபை சின்னது. குப்பத்து ஜனங்கள், சிற்பப் பட்டறைகளில் வேலை செய்கிறவர்கள், ரிசார்ட்டுகளில் வேலைக்குப் போகிறவர்கள், அவ்வளவுதான். அதற்குச் செயலாளர் என் கணவர். சபை சின்னதென்று செயலாளர் சின்னவராகிவிடுவாரா? ஊரில் யார் படுத்தாலும் இவர்தான் முதலில் போய் நிற்பார், தலைமேல் கை வைத்து ஜெபிப்பார், வெயில் தாழ வீட்டுக்கு வந்து காபி கேட்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் வலது கையும் வலது காலும் போயிற்று, பேச்சும் போயிற்று. வாயில் மிச்சம் நின்றவை மூன்றே வார்த்தைகள்: ஆமா, இல்ல, ஏய். கடைசி வார்த்தை என்னைக் கூப்பிடுவதற்கு. முப்பது வருஷம் மணிக்கணக்கில் ஜெபித்த வாயில் ஆண்டவர் எதை விட்டுவைத்தார் பாருங்கள்.

நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகள் லீவு போட்டு வந்திருந்தாள். லீவு தீர்ந்ததும் அழுதுகொண்டே போனாள். அவள் ஏற்பாடு செய்த ஆள் ஒருவன் வந்து ஒரு வாரம் இருந்துவிட்டு, பொத்தேரியில் மாணவர் விடுதி ஒன்றில் வேலை கிடைத்தது என்று கிளம்பிவிட்டான். அங்கே பிள்ளைகள் தாங்களாகவே புரண்டு படுப்பார்கள். அவனைக் குறை சொல்ல முடியாது.

ஏனென்றால் எங்கள் வீட்டுப் பிரச்சினையே அதுதான். இவரால் புரண்டு படுக்க முடியாது. படுத்த படுக்கையில் முதுகுக்குக் கீழே, வால் எலும்பு இருக்கிற இடத்தில் புண் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி நர்ஸ் எனக்கு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். மடித்த பெட்ஷீட் ஒன்றை அடியில் போட்டு, இரண்டு பக்கமும் ஆள் நின்று, சுருட்டிப் பிடித்து, ஒரே நேரத்தில் தூக்கி ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். இழுக்கக் கூடாது, இழுத்தால் தோல் உரியும். பிறகு புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்ட வேண்டும். நடுவில் முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்துச் சரித்து வைக்க நான் ஒருத்தி போதும். காலையிலும் சாயங்காலமும் முழுசாகத் திருப்பிக் கழுவுவதற்குத்தான் இன்னொரு ஆள் வேண்டும்.

“ரெண்டு பேர் வேணும்மா,” என்றார் அந்த நர்ஸ். “புண்ணு எலும்பைத் தொட்டுச்சுன்னா அப்புறம் காப்பாத்துறது கஷ்டம்.”

நல்ல கனத்த ஆள் என் கணவர். நான் போட்ட சாப்பாடுதான், யாரை நோவது? எனக்கோ தையல் மிஷினில் குனிந்து குனிந்து வலது தோள் தூக்கவே வராது. பக்கத்து வீட்டு பாய் கடற்கரைக் கோவில் பக்கம் சங்கு, சிப்பிக் கடை வைத்திருக்கிறார். இருக்கிற நேரத்தில் கூப்பிட்டால் ஓடி வருவார். ஆனால் காலையில் கடைக்குப் போனால் சுற்றுலாக்காரர்கள் அடங்கிய பிறகுதான் திரும்புவார். ஆக மொத்தம் எனக்குத் தேவை ஒரு ஜோடிக் கை. அந்தக் கைக்கு முகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று இருந்தேன்.

சபையார் வந்தார்கள். வராமல் இருப்பார்களா? வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் வந்தார்கள். விழுங்க முடியாத மனிதருக்கு ஆரஞ்சுப் பழமும் ரொட்டிப் பாக்கெட்டும் வாங்கி வந்தார்கள். சத்து மாவு டப்பாக்களை அடுக்க ஷெல்பில் இடமில்லாமல் தையல் மிஷின்மேல் அடுக்கினேன். வந்து உட்காருகிறவர்கள் ஒன்றும் வேண்டாம் சிஸ்டர், சிரமப்படாதீர்கள் என்பார்கள். அந்தக் குரலைக் கேட்டாலே தெரியும், பால் அடுப்பில் ஏறியாக வேண்டும். ஒருவருக்குச் சர்க்கரை இல்லாமல், ஒருவருக்கு ஸ்ட்ராங்காக, இன்னொருவருக்கு இஞ்சி தட்டிப் போட்டு. எனக்காக அவர்கள் ஜெபித்ததில் பாதிக்கு மேல் நான் கேட்டதே இல்லை, அடுப்படியில் இருந்தேன். ஒருமுறை பாடகர் குழுத் தலைவர் கண்ணீரோடு பாட்டுப் பாடினார். பாட்டு முடிந்த பிறகுதான் பார்த்தேன், நாற்காலிக் காலை மூத்திரக் குழாய்மேல் வைத்துக்கொண்டு அத்தனை சரணத்தையும் பாடியிருக்கிறார். இவர் ஏய் ஏய் என்று கத்தியதை எல்லாரும் பரவசம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பெண்கள் ஐக்கியத் தலைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைப் பற்றி எனக்குப் பெரிய பாரம் சிஸ்டர் என்றார். பாரம் அதோ கட்டிலில் கிடக்கிறது, ஒரு முனையைப் பிடியுங்கள் என்று வாய்வரைக்கும் வந்தது. டீ ஆறுகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் கட்டில்வரை வராமல் வாசற்படியிலேயே நிற்பார். அவர் ஏலக்காரர். விடிந்ததும் படகுகள் கரையேறி, மீனை மணலில் கொட்டுகிற இடத்தில் ஏலம் விடுவது அவர் தொழில். அலைச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. ஜெபமும் அதே தொண்டையில்தான். ஆண்டவருக்குக் காது நன்றாகக் கேட்கும், இந்த ஆளுக்குத்தான் அது தெரியவில்லை என்று என் கணவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இரண்டு பேருக்கும் ஆகாது. காரணம் ஒரு மைக்.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்குக் கோழி, பூசணிக்காய், வாழைத்தார் என்று ஆளுக்கொன்று காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்போம். ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவார்கள். ஏலம் என்றால் ஏலக்காரரைத் தவிர வேறு யார்? ஒரு வருஷம், ஏலத்துக்கு முன்னால் சின்னதாக ஒரு ஜெபம் செய்யுங்கள் என்று யாரோ அவரைக் கேட்டுவிட்டார்கள். மனிதர் வானத்தையும் பூமியையும் படைத்ததிலிருந்து ஆரம்பித்தார். பந்தியில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. சூரிய சந்திரரைத் தாண்டிக் கடல்வாழ் உயிர்களுக்கு வந்தபோது, செயலாளர் என்ற முறையில் என் கணவர் எழுந்து போய் மைக்கை அணைத்துவிட்டார். ஏலக்காரருக்கு மைக் எதற்கு? தன் பாட்டுக்குத் தொடர்ந்து ஜெபித்து முடித்தார். ஆனால் அன்றிலிருந்து இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. அன்பைப் பற்றி இரண்டு பேரும் தனித்தனியாகப் பல கூட்டங்களில் பேசியிருக்கிறார்கள். இவர் படுத்த பிறகு, சபைக் காரியம் என்பதால் அவர் வருவார். வாசற்படியோடு சரி.

ஒரு வெள்ளிக்கிழமை. அன்று காலையில் கட்டைப் பிரித்தபோதே நாற்றம் வந்தது. புண் முந்தின வாரத்தைவிடப் பெரிதாகியிருந்தது. சாயங்காலம் சபையார் வந்து உட்கார்ந்ததும், போதகர் வழக்கம்போல ஜெப விண்ணப்பம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கம்மா என்றார். நல்லவர், சின்ன வயது. எந்தக் கஷ்டத்தைப் பார்த்தாலும் உடனே கண்ணை மூடிக்கொள்வார். அன்று நான் அடுப்படிக்குப் போகவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

“ஐயா, இவருக்குப் புண்ணு பெருசாயிட்டே போவுது. காலைல ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி திருப்பிப் படுக்க வைக்கணும். என்னால ஒண்டியா முடியல. யாராவது வந்து ஒரு பக்கம் பிடிச்சாப் போதும்.”

ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஒருவர் ரொட்டியை மெல்லுவதை நிறுத்தினார். பிறகு போதகர், இது முக்கியமான விண்ணப்பம், எல்லாரும் ஒருமனமாகக் கண்களை மூடுவோம் என்றார். வாசற்படியைப் பார்த்து ஏலக்காரரை நடத்தச் சொன்னார்.

அடேங்கப்பா, என்ன ஜெபம்! ஒரு ஆளை அனுப்பும் ஆண்டவரே என்று தொடங்கினார். பெலசாலியான ஒரு ஆளை அனுப்பும். எங்கே இருந்தாலும் தட்டி எழுப்பி அனுப்பும். வடக்கிலிருந்தாவது தெற்கிலிருந்தாவது அனுப்பும். சந்து முனையில் போகிறவர்கள்கூட நின்று பார்த்தார்கள். நான் கண்ணை மூடவில்லை. எல்லாக் கைகளும் மேலே தூக்கியிருந்தன. ஜிம்முக்குப் போகிற ரிசார்ட் பையனின் கை இருந்தது. ராட்டினம் மாதிரிச் சுற்றி வலையை இழுக்கிற கைகள் இருந்தன. சிற்பப் பட்டறையில் கடப்பாரை போட்டுக் கருங்கல்லைப் புரட்டுகிற அண்ணனின் கையும் இருந்தது. காலையெல்லாம் கல்லைத் திருப்பிப் போடுகிற மனிதர், வாத்தியாரைத் திருப்பிப் போட ஒரு ஆள் வேண்டும் என்று வானத்தை நோக்கிக் கையேந்திக்கொண்டு நின்றார். எல்லாரும் ஆமென் என்றார்கள். என் கணவரும் இடது கையைத் தூக்கி ஆமா என்றார்.

பிறகு டீ. போகும்போது ஐக்கியத் தலைவி என் தோளை, அதிலும் வலிக்கிற தோளைத் தட்டி, கவலையே படாதீங்க, கண்டிப்பாக ஆண்டவர் ஒரு ஆளை அனுப்புவார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போனதும் நான் தனியாகத்தான் திருப்பிப் பார்த்தேன். கட்டில்மேல் ஏறி முட்டி போட்டுப் பெட்ஷீட்டை இழுத்தேன். அது கிழிந்தது. அவர் பாதி திரும்பி, செயலற்ற கை அடியில் மாட்டி, சுவரைப் பார்த்தபடி அப்படியே சிக்கிக்கொண்டார். ஏய் என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னார். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. கையை எப்படியோ விடுவித்து மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுகையில் பாதி கோபம். இந்த மனிதரை இவ்வளவு பேர் முன்னால் இப்படிப் புண்ணோடு அழுகவிடப் போகிறேனே என்ற பயம் மீதி.

மறுநாள் காலை, பால் வந்து கொஞ்ச நேரத்தில் வாசலில் சத்தம். ஏலக்காரர் நின்றுகொண்டிருந்தார். கரையிலிருந்து நேராக வந்திருக்கிறார். முழங்காலில் மணல், கையில் மீன் செதில். வாசற்படியிலேயே நின்றார். எதையாவது மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டீர்களா என்று கேட்டேன். மரியாதையாகக் கேட்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

“இல்லக்கா,” என்றார். “நேத்து கேட்டுக்கினோமே, ஒரு ஆளு. வந்தாரா?”

“பால்காரர் வந்தாரு. பால் ஊத்திட்டுப் போயிட்டாரு.”

அவர் சந்தின் இந்தக் கோடியைப் பார்த்தார், அந்தக் கோடியைப் பார்த்தார். நிஜமாகவே பார்த்தார், யாராவது வருகிறார்களா என்று. ஒரு நாய்தான் வந்துகொண்டிருந்தது. ராத்திரி பூராத் தூக்கம் இல்லை என்றார். பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

“அப்போ நான்தான் போலக்கீது.”

சோப்பை எடுத்துக் கொடுத்து, முழங்கைவரைக்கும் கழுவச் சொன்னேன். மீன் நாற்றம் போகவில்லை. மீன் நாற்றம் எங்களுக்கு ஒன்றும் புதிதில்லை, விட்டுவிட்டேன்.

என் கணவர் அவரைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். உடம்பில் திரும்புகிற பாகம் அது ஒன்றுதான், அதை இதற்குப் பயன்படுத்தினார். ஏலக்காரர் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.

“வாத்தியாரே, கோவத்த அப்பால வச்சிக்கலாம். இப்போ அணைக்கிறதுக்கு மைக்கும் இல்ல.”

பெட்ஷீட்டை எப்படிச் சுருட்டிப் பிடிப்பது என்று காட்டினேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும் என்றேன். அவருக்கு ஒரே நேரம் என்றால் ஒரு வழிதான் தெரியும். ஒருதரம் என்றார், ரெண்டுதரம் என்றார், மூணுதரம் என்று அவர் வாய் திறந்தபோது என் கணவர் நெத்திலிக் கூடை மாதிரி லேசாக எழும்பி ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஐயோ, இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. கட்டைப் பிரித்தேன். புண்ணைப் பார்த்ததும் ஏலக்காரர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

“கண்ணை மூடாதீங்க,” என்றேன். “இது ஜெபம் இல்ல. விளக்கு பிடிங்க.”

பிடித்தார்.

அன்றிலிருந்து காலையில் ஏலம் முடிந்ததும் வருவார், சாயங்காலம் வலை பார்த்துவிட்டு வருவார். முதல் வாரம் என் கணவர் அவருக்கு இல்ல என்ற வார்த்தையை மட்டுமே செலவழித்தார். தண்ணி வேணுமா வாத்தியாரே என்றால் இல்ல. வலிக்குதா என்றால் இல்ல. போவட்டுமா என்று கேட்டபோது மட்டும் சும்மா இருந்தார். அதற்குள் அவர் கழுவக் கற்றுக்கொண்டார், பீங்கான் கிண்ணத்தில் மருந்துத் தண்ணீர் கலக்கக் கற்றுக்கொண்டார், அழுக்குத் துணியை அலசியும் போட்டார். என் வீட்டில் ஒரு ஆண் துணி அலசுவதை நான் அப்போதுதான் பார்க்கிறேன். ஆச்சரியம் தாங்காமல் அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தேன். ஒரு வேடிக்கை என்னவென்றால், இந்த வீட்டில் அந்த மனிதர் வாயைத் திறந்து ஒரு ஜெபமும் செய்யவில்லை. வருவார், திருப்புவார், கழுவுவார், போவார்.

டிரெஸ்ஸிங் பார்க்க வீட்டுக்கு வந்த சுகாதார நிலைய நர்ஸ், ஓரமெல்லாம் சிவப்பாக நல்ல சதை வளர்கிறது, இப்படியே விடாமல் செய்யுங்கள் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் மகளுக்குப் போன் செய்து சொன்னேன். மகள் சந்தோஷத்தில் சபை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள்: அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆண்டவர் ஒரு ஆளை அனுப்பிவிட்டார் என்று.

கேட்க வேண்டுமா? குரூப் முழுக்கக் கூப்பிய கைகள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் அதைச் சாட்சியாகவே சொன்னாராம். ஐக்கியத் தலைவி எழுந்து, அன்று விடியற்காலையிலேயே தனக்கு அது உணர்த்தப்பட்டது என்றாராம். ஜெபித்த கைகளெல்லாம் பெருமையோடு தட்டிக்கொண்டன. ஏலக்காரர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாராம். யாருக்கும் தெரியாது, அவரும் சொல்லவில்லை. எல்லாரும் ஏதோ டவுனிலிருந்து வெள்ளை யூனிபார்ம் போட்ட ஆள் வந்திருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். யார் சிஸ்டர் அந்த ஆளு என்று எனக்குப் போன்மேல் போன். வெள்ளிக்கிழமை கொஞ்சம் சீக்கிரம் வந்தால் நீங்களே பார்க்கலாம் என்றேன்.

சீக்கிரமே வந்தார்கள், கையில் ஆரஞ்சோடு. உள்ளே நுழைந்து பார்த்தால், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் ஈரத் துணியும் மறு கையில் கிண்ணமுமாக ஏலக்காரர். வாத்தியாரின் முதுகு அவர்மேல் சாய்ந்திருந்தது. மைக் விவகாரம் எல்லாருக்கும் தெரியும், அந்தப் பிரியாணியைச் சாப்பிட்டவர்கள்தானே. போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சந்தோஷம் பிரதர், நீங்களே ஒரு ஸ்தோத்திர ஜெபம் செய்யுங்கள் என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். பின்னாலேயே எல்லாரும் மூடினார்கள். ஜெபம் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள்.

“கை காலியா இல்ல ஐயா,” என்றார் ஏலக்காரர். “அக்காவுக்குத் தோள் வலி. யாராச்சும் அந்தாண்ட வந்து புடிச்சீங்கன்னா, இந்தப் பக்கம் திருப்பிடலாம்.”

மறுபடியும் அந்த ஃபேன் மட்டும் சுற்றியது. எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. வாயைத் திறந்தால் என்ன வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது. பிறகு, கருங்கல் புரட்டுகிற அண்ணன் கையிலிருந்த ஆரஞ்சுப் பையைக் கீழே வைத்தார். செருப்பை ஏற்கெனவே வெளியே விட்டிருந்தார், ஆனாலும் காலைப் பார்த்துக்கொண்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய்ச் சோப்பு எங்கே என்று கேட்டார். போதகர் தன் வாட்சைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தலைமாட்டுக்கு வந்து நின்று, நான் எதைப் பிடிக்கணும்மா என்றார். தலையைப் பிடியுங்கள் என்றேன். எத்தனையோ தடவை கை வைத்த தலைதான், அன்றுதான் அதன் கனம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஏலக்காரர் ஒருதரம் என்றார். எல்லாரும் பெட்ஷீட்டை இறுக்கிப் பிடித்தார்கள். ரெண்டுதரம் என்றார். அப்போது கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வாய் ஒரு பக்கம் கோணி, எச்சில் வடிய, என் கணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஏலக்காரரைப் பார்த்து, “மூ...ணு...” என்றார்.

தூக்கினார்கள். இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தவரின் கண்ணிலிருந்து தண்ணீர் தலையணைக்கு ஓடியது. ஏலக்காரர் கையிலிருந்த ஈரத் துணியால் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அது எதைத் துடைத்த துணி என்று நான் சொல்லவில்லை.

அன்று டீ போட மறந்துவிட்டேன். யாரும் கேட்கவும் இல்லை.